இருக்கிறியளோ?

எங்கள் தோட்டத்தில் என் அம்மாவின் தொண்டைக்குத் தனிப் பெயர் உண்டு. ரப்பர் மலையின் இந்தக் கோடியில் நின்று அவர் "ஹூ" என்று ஒரு சத்தம் கொடுத்தால், அந்தக் கோடியில் பால் வெட்டுகிறவர்கள் கத்தியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தத் தாய்க்குப் பிறந்தவள்தான் நான். கடையில் போய் அரைக் கிலோ பருப்பு கேட்பதற்குள் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் சாமான் வாங்கிக்கொண்டு போன பிறகு, முதலாளி பாவம் பார்த்து அவராகவே "பருப்பா?" என்று கேட்பார். நான் தலையை ஆட்டுவேன்.

ரப்பர் மலையில் கூப்பிடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. மரங்கள் வரிசை வரிசையாக ஒரே மாதிரி நிற்பதால் கொஞ்சம் தள்ளி இருப்பவர்கூடக் கண்ணுக்குத் தெரியமாட்டார். ஒருவர் சத்தம் கொடுத்தால், அது காதில் விழுந்தவர் கட்டாயம் பதில் சத்தம் கொடுக்க வேண்டும். பதில் இல்லை என்றால் வழுக்கி விழுந்துவிட்டார், பாம்பு கடித்துவிட்டது என்று தேடிக்கொண்டு ஓடுவார்கள். சின்ன வயதில் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோகும் போதெல்லாம் அவர் கூப்பிடுவார். நான் பதில் கொடுக்கமாட்டேன். என் குரலை அத்தனை பேரும் கேட்பார்களே என்ற பயம். அம்மா கத்தியும் கையுமாக ஓடிவந்து, நான் முழுசாக நிற்பதைப் பார்த்துவிட்டு, "வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துருமா? பதில் சொல்லித் தொலையேண்டி!" என்று முதுகில் ஒன்று வைப்பார்.

வளர்ந்த பிறகு பிள்ளைக் காம்பராவில் எனக்கு வேலை கிடைத்தது. வேலைக்குப் போகும் தாய்மார் தங்கள் குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. அங்கே எனக்கு வாய் உண்டு. பாட்டு, கதை, அதட்டல் எல்லாம் உண்டு. ஆனால் ஐந்து வயதைத் தாண்டிய யாராவது வாசலில் வந்து நின்றால் கதை பாதியிலேயே நின்றுவிடும். தோட்ட அதிகாரியான பெரிய தொரை ஒருநாள் பார்வையிட வந்து என்னிடம் ஏதோ கேட்டார். நான் தொட்டிலில் கிடந்த குழந்தையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். காது கேட்காதோ என்று பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளையிடம் விசாரித்துவிட்டுப் போனார்.

போன் வாங்கிய பிறகுதான் தமிழில் பிளாக் எழுதுகிறவர்கள் கூடும் ஒரு இடத்தைக் கண்டுபிடித்தேன். ஒருவர் எழுதுவார், மற்றவர்கள் கீழே கமெண்ட் போடுவார்கள். சண்டை, கிண்டல், சமையல், ஊர்க்கதை என்று அங்கே எதற்கும் குறைவில்லை. மாதக்கணக்கில் கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பதுபோல் வாசித்தேன். கமெண்ட் எழுதுவேன், அழிப்பேன். "நன்றாக இருக்கிறது" என்று இரண்டு சொல் எழுதவே அந்தப் பாடு. இதற்கு இவள் யார் என்று கேட்டுவிட்டால்?

கடைசியில் நானே ஒரு பதிவு எழுதினேன். பிள்ளைக் காம்பராவில் மத்தியானத்தில் எல்லாத் தொட்டில்களும் ஒரே நேரத்தில் அசைவதைப் பற்றி நாலைந்து வரி. எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தாங்கி ஓரத்தில்தான் சிக்னல் நன்றாகப் பிடிக்கும். அங்கே நின்று அதைப் போட்டேன். போட்ட கையோடு போனை அணைத்து அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டேன். அன்று சோறு இறங்கவில்லை. அம்மா நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, காய்ச்சல் இல்லை, திமிர்தான் என்றார்.

மறுநாள் பார்த்தால் இரண்டு கமெண்ட். முதலாவது, "தோட்டத்துல இருக்கிறவங்களும் இப்ப பிளாக் எழுத வெளிக்கிட்டாச்சா?" என்று ஒருவர். அவர் வேடிக்கையாகத்தான் கேட்டாரோ என்னவோ, எனக்குச் செருப்பால் அடித்தது போலிருந்தது. இரண்டாவதை வாசிக்கவேயில்லை. இனி இந்தப் பக்கமே வருவதில்லை என்று மூடிவிட்டேன்.

நாலைந்து நாள் கழித்து, தூங்க முடியாத ஒரு விடியலில் திரும்பவும் திறந்தேன். என் பதிவுக்குக் கீழே மூன்றாவதாக ஒரு கமெண்ட் வந்திருந்தது. ஒரே ஒரு சொல்.

"இருக்கிறியளோ?"

எழுதியவர் மன்னார்ப் பக்கத்து அக்கா ஒருவர். நான் வாசிக்காமல் விட்ட இரண்டாவது கமெண்டும் அவருடையதுதான். தன் ஊரில் வலை கட்டும் இடத்தில் தொட்டில் கட்டுவார்களாம், அதைப் பற்றி எழுதியிருந்தார். நான் பதில் சொல்லாததால் தேடி வந்திருக்கிறார். "இருக்கேன்" என்று எழுதினேன். இந்தத் தடவை அழிக்கவில்லை.

அன்றிலிருந்து அது எங்கள் வழக்கமாகிவிட்டது. மழையில் கரண்ட் போய் நான் காணாமல் போனால், யாராவது ஏதாவது சொல்லி நான் சுருண்டுகொண்டால், "இருக்கிறியளோ?" வந்துவிடும். "இருக்கேன்" போகும். அவர் வழியாக வேறு சிலரும் பழக்கமானார்கள். "தங்கச்சி எங்கே, இரண்டு நாளாகச் சத்தமில்லை" என்று அங்கே என்னைத் தேடத் தொடங்கினார்கள். சத்தமில்லை என்று என்னை யாரோ தேடியது, அம்மாவைத் தவிர, அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்தது.

ஆனால் பேசமாட்டேன். அக்கா ஒருதடவை நம்பர் கேட்டு வாங்கிப் போன் போட்டார். மேசையில் அது அதிர்ந்து நகர்வதைச் சுவரோடு ஒட்டி நின்று பார்த்தேன், எடுக்கவில்லை. பிறகு அவர் எழுதினார்: "சரி, எழுத்திலேயே கதைப்பம்." அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. தோட்டத்திலும் இதைப்பற்றி நான் யாருக்கும் மூச்சு விடவில்லை.

போன மழைக்காலத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. கண்டியில் உறவில் ஒரு கல்யாணமாம். கொழும்பு வழியாக ஊருக்கு ரயிலில் திரும்பும்போது ரம்புக்கனையில் இறங்கி, பஸ் பிடித்து வந்து என்னைப் பார்த்துவிட்டு, ஒரு இரவு தங்கிப் போகலாமா என்று கேட்டிருந்தார். எனக்குக் கை கால் ஓடவில்லை. லயத்தில் எங்கள் ஒற்றைக் காம்பராவில் இரண்டு பேர் படுத்தால் மூன்றாமவர் உட்காரத்தான் வேண்டும். அதைவிட, நேரில் வந்தால் பேச வேண்டுமே! வராதீர்கள் என்று எழுதி அழித்தேன். வீட்டில் சுகமில்லை என்று எழுதி அழித்தேன். முடிவில் "வாங்க அக்கா. சந்தியில் நிற்பேன்" என்று அனுப்பிவிட்டு, அதற்கும் பயந்து படுத்துக்கொண்டேன்.

அக்கா வருவதாகச் சொன்ன நாளில் மத்தியானமே மழை பிடித்தது. எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டன. ஒரு குழந்தையின் தாய் மட்டும் வரவில்லை. ஓடையில் தண்ணீர் ஏறி, பால் எடுக்கப் போனவர்கள் அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டார்கள். குழந்தையை விட்டு நான் எங்கே போவது? அவள் நனைந்து வந்து சேர்ந்த பிறகு, பெரிய ரோட்டு வழியாகச் சந்திக்கு ஓடினேன். பஸ் எப்போதோ வந்து போயிருந்தது. கடை முதலாளி என்னைக் கண்டதும், "நோனா கெனெக் ஆவா நே, கெடி பாரென் கியா" என்று சிங்களத்தில் சொன்னார். ஒரு பெண் வந்ததாம், நனைந்துகொண்டே காத்திருந்ததாம், லயத்துக்கு வழி கேட்டதாம். அவர் குறுக்கு வழியைக் காட்டிவிட்டாராம்.

குறுக்கு வழி ரப்பர் மலை வழியாகப் போகிறது. எங்களுக்கு அது சின்ன நடை. அக்காவோ கண்ணுக்கெட்டிய தூரம் சமதரையாகக் கிடக்கும் ஊரில் பிறந்தவர். லயத்துக்கு ஓடினேன், அங்கே யாரும் வரவில்லை. போன் போட்டேன். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக நானாக ஒருவருக்குப் போன் போடுகிறேன், அது தொடர்பில் இல்லை என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்த மலையில் முந்திய மழைக்கு ஒரு பக்கம் மண் இறங்கி, இரண்டு வரிசை மரம் அப்படியே கீழே போயிருந்தது. அது நினைவுக்கு வந்ததும் வீட்டுக்குள் ஓடினேன்.

அம்மா அடுப்படியில் இருந்தார். "அம்மா, மலையில ஒருத்தவங்க மாட்டிக்கிட்டாங்க" என்றேன்.

"யாருடி?"

"சிநேகிதி."

"ஒனக்கா?"

அந்தக் கேள்விக்குக் கோபப்பட எனக்கு நேரமில்லை. "மன்னார்ல இருந்து வந்திருக்காங்க. போன்ல பழக்கம்."

"பேசிப் பழக்கமா?"

"இல்லம்மா. எழுதி."

"மொகம் பாத்திருக்கியா?"

"இல்ல."

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "மொகமும் தெரியாது, கொரலும் தெரியாது. இந்த மழையில வரச் சொல்லிட்டு நிக்கிற. சரி, டோர்ச்ச எடு."

மலையேறினோம். பொழுது சாய இன்னும் நேரம் இருந்தும் மரங்களுக்குள் இருட்டிவிட்டது. பால் பிடிக்க மரங்களில் கட்டியிருந்த சிரட்டைகள் நிரம்பி மழைத்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மேட்டில் நின்று அம்மா தன் சத்தத்தைக் கொடுத்தார். "ஹூ..."

பதில் வந்தது. ஆனால் அது மேல் லயத்திலிருந்து வந்தது. அடுத்தது ஓடைப் பக்கத்திலிருந்து ஒரு ஆண் குரல். பிறகு கீழிருந்து இரண்டு, ஸ்டோர் பக்கமிருந்து ஒன்று. சத்தம் கேட்டால் பதில் கொடுக்க வேண்டும் அல்லவா, தோட்டமே கொடுத்தது. மழைக்குள் நாலா பக்கமும் ஊளையிடுவது போலிருந்தது. அம்மா அதையெல்லாம் கழித்துக் கேட்டுவிட்டு, "புதுக் கொரல் ஒன்னும் இல்லியே" என்றார். திரும்பவும் கூப்பிட்டார். திரும்பவும் தோட்டம் முழுக்கப் பதில். அம்மாவின் முகம் மாறியது. "பதில் இல்லன்னா விழுந்துருக்கும்டி. ஆம்பளைங்களக் கூட்டியாரேன்" என்று திரும்பினார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தெரியாத காடு. தெரியாத ஊர். நாலு பக்கமும் தெரியாத குரல்கள். பயந்த ஒருத்தி என்ன செய்வாள் என்று இந்தத் தோட்டத்தில் என்னைவிட யாருக்குத் தெரியும்? வாயைப் பொத்திக்கொண்டு, மூச்சை அடக்கி, மரத்தோடு மரமாக உட்கார்ந்திருப்பாள். கூப்பிடக் கூப்பிட இன்னும் ஒடுங்குவாள். அக்கா விழுந்திருக்கவில்லை. எங்களுக்குப் பயந்து ஒளிந்திருக்கிறார்.

"அம்மா, நீங்க கூப்பிடாதீங்க" என்றேன். "நான் கூப்பிடுறேன்."

அம்மா ஒதுங்கினார். நான் வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. கீழ் லயத்தில் ஆட்கள் வெளியே வந்து மேலே பார்ப்பது தெரிந்தது. மறுபடி முயன்றேன், பூனைக்குட்டி கத்துவது போல் ஏதோ வந்தது. யாரோ சிரித்தார்கள், அல்லது சிரித்ததாக எனக்குப் பட்டது. ஓடிவிடலாம் என்று கால் திரும்பியது. அந்த மண் இறங்கிய சரிவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண் தேடியது. என் குரல் அவருக்குத் தெரியாது. என் முகம் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அடிவயிற்றிலிருந்து, அவருடைய ஊர்ப் பேச்சிலேயே கத்தினேன்.

"இருக்கிறியளோ?"

மலை அதைத் திருப்பிச் சொன்னது. தோட்டம் பதில் கொடுக்கவில்லை. இதற்கு என்ன பதில் சொல்வதென்று அவர்களுக்குத் தெரியாதே. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை கத்தினேன். அது பாதி அழுகை.

"அக்கா, இருக்கிறியளோ?"

இடப்பக்கம், சரிவுக்கு மிகக் கிட்ட, ரப்பர் மரங்களுக்குள்ளிருந்து, நடுங்கி நடுங்கி ஒரு குரல் வந்தது. நான் அதுவரை கேட்டிராத குரல்.

"இருக்கேன்!"