மாமாவின் கிணற்றுப் பேணி

அடுப்புப் புகை மணக்கும் வெந்நீரின் வாசனை இன்றும் என் மூக்கில் நிற்கிறது. ஆறிய பிறகும் போகாத அந்த மணம், பாடசாலையில் தண்ணீர்ப் போத்தலைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும், பக்கத்தில் இருப்பவள், "உங்கடை வீட்டிலை தண்ணியையும் சுட்டோ தாறவை?" என்று கேட்டுச் சிரிப்பாள். அதற்கெல்லாம் அசைகிற ஆளா என் அம்மா! போர் முடிந்து வவுனியாவில் முகாமில் இருந்த நாட்களில், வயிற்றோட்டம் கூடாரம் கூடாரமாக நுழைந்தபோது எங்கள் கூடாரத்தை அது எட்டிப் பார்க்காததற்குக் காரணம் கொதித்தாறிய தண்ணீர்தான் என்று அவர் உறுதியாக நம்பினார். நம்பியதில் பிழையும் இல்லை. விசுவமடுவுக்குத் திரும்பித் தகரக் கொட்டிலில் குடியேறிய அன்று, சோற்றுக்கு முன்னால் தண்ணீர்தான் அடுப்பில் ஏறியது. கேத்தில் மூடி துள்ளத் தொடங்கினால் போதாது, துள்ளித் துள்ளிக் களைக்க வேண்டும். "கொதிச்சால் எல்லாம் செத்துப்போகும்" என்பது எங்கள் வீட்டுத் தேவாரம்.

கொதிக்க வைத்த தண்ணீர் எங்கள் கிணற்றுடையது இல்லை. எங்கள் கிணறு "கல்லுத் தண்ணி". கேத்திலின் அடியில் சுண்ணாம்பு அப்பியது போல வெள்ளை படியும், பருப்பு விடியவிடிய வெந்தாலும் கடுக்கென்று இருக்கும். ஆகவே குடிக்கவும் சமைக்கவும் பெரிய மாமாவின் கிணறுதான். அம்மாவின் மூத்த அண்ணரான அவர் எங்களுக்கு அடுத்த காணியில் இருந்தார். மிளகாய்த் தோட்டத்தின் நடுவே இருந்த அவருடைய கிணற்றுத் தண்ணீருக்கு இணையாக ஊரில் இன்னொன்று கிடையாது என்று மாமா சொல்வார். நாங்களும் அப்படித்தான் சொல்வோம், ஏனென்றால் உண்மையாகவே அது இனித்தது. அந்தத் தண்ணீரில் பருப்பு பூவாய் அவியும், தேநீர் நல்ல சிவப்பாக நிற்கும். எங்கள் பக்கத்தில் தண்ணீருக்கு வேறு சோதனை ஏது? "பருப்பு அவிஞ்சால் நல்ல தண்ணி", அவ்வளவுதான். வீதியால் போகிறவர்களும் குடிக்கட்டும் என்று மாமா கிணற்றுத் தூணில் ஆணியடித்து ஒரு பித்தளைப் பேணியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். யாராவது அதில் மொண்டு குடித்து "ஆ!" என்றால், தோட்டத்துக்குள் குனிந்து நிற்கிற மாமாவின் முதுகு நிமிர்ந்துவிடும். அந்த மனிதருக்கு அதைவிடப் பெரிய பட்டம் யாராலும் கொடுத்திருக்க முடியாது.

அதே கிணற்றுக் கட்டில்தான் மாமா யூரியா கரைப்பார், மருந்தடிக்கிற தாங்கியைக் கழுவுவார். வெறுமையான உரப்பைகளை மாமி அங்கேயே அலசி வேலியில் காயப் போடுவார், நெல் கட்டவும் பாயாக விரிக்கவும் உதவும் என்று. கழுவிய தண்ணீர் வெடித்த சீமெந்துக்குள்ளால் எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊர் முழுக்க அப்படித்தான் செய்தது.

ஒரு வருடம் மாரி முடிந்த கையோடு மாமாவின் மகள் வதனி மச்சாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு மச்சாளுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்ததால் பால் போதவில்லை. பால்மாவும் கரைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. தண்ணீர் என்றால் அம்மாவை விட்டால் யார்? தன் கேத்திலோடு போய் மாமா வீட்டுக் குசினியைக் கைப்பற்றிக்கொண்டார். ஒரு நாள் குழந்தையின் உதடும் நகமும் நாவற்பழம் தின்றது போல நீலம் பாரித்தன. குளிர் என்றார்கள், கண்ணூறு என்றார்கள். அம்மாவோ தண்ணீரில்தான் ஏதோ கிருமி மிஞ்சியிருக்கிறது என்று முடிவெடுத்து, கேத்தில் அரைவாசி வற்றும்வரை கொதிக்க வைத்தார். குழந்தை இன்னும் கறுத்தது. அழக்கூடச் சத்தில்லாமல் கிடந்த அந்தச் சின்ன முகத்தைப் பார்த்து நான் பயந்ததுபோல ஷெல்லுக்குக்கூடப் பயந்ததில்லை.

கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். அங்கே டொக்டர் கேட்ட முதற் கேள்வியே, "பால் எந்தத் தண்ணியிலை கரைக்கிறனீங்கள்?" என்பதுதான். பிள்ளையை மறித்து வைத்து மருந்து ஏற்றினார்கள், ஊருக்குச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ. ஐயாவை அனுப்பி மாமாவின் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் அள்ளிக்கொண்டு போனார்கள். சோதனை மறுமொழி வந்ததும் பி.எச்.ஐ.யே மோட்டார் சைக்கிளில் வந்து, மாமா வீட்டு முற்றத்தில் கதிரையில் இருந்து விளங்கப்படுத்தினார்: தோட்டத்துக்குப் போட்ட உரம் கிணற்றுக்குள் இறங்கியிருக்கிறது, கைக்குழந்தையின் இரத்தத்துக்கு அது ஆகாது.

"நான் நல்லாக் கொதிக்க வைச்சுத்தான் ஐயா குடுத்தனான்" என்றார் அம்மா. அவருடைய குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

"அம்மா, உப்புத் தண்ணியைக் கொதிக்க வைச்சால் உப்புக் கூடுமோ குறையுமோ?"

அம்மா "கூடும்" என்றார்.

"இதுவும் அப்பிடித்தான். உயிருள்ளது எண்டால் சாகும். உரத்துக்கு எங்கை உயிர்?"

மாமாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "என்ரை கிணத்துத் தண்ணி குடிச்சு இண்டைவரைக்கும் ஒருத்தரும் சாகேல்லை! பருப்பு அவியிற தண்ணி, ஐயா!" என்று கத்தினார். பி.எச்.ஐ. பதில் சொல்லுமுன் அம்மா எழுந்து, "அண்ணை, பருப்புக்கு அவியத்தான் தெரியும். பிள்ளைக்கு ஆகாததைக் காட்டித்தரத் தெரியாது" என்றார். தன் தலையிலும் விழுகிற சொல் என்று தெரிந்தே சொன்னார். பிறகு குசினிக்குள் போய்க் கேத்திலில் இருந்ததை வாழையடியில் ஊற்றிவிட்டு, வெறுங்கேத்திலோடு வீட்டுக்கு நடந்தார். அன்றைக்கு என் அம்மாவை நினைத்து எனக்கு வந்த பெருமை இன்றும் இறங்கவில்லை. பிழை விட்டது தெரிந்ததும் மூலையில் குந்தியிருந்து அழாமல், மறுநாளே கைக்குழந்தை உள்ள வீடு வீடாகப் போய், "கொதிக்க வைச்சால் மட்டும் காணாது, தோட்டத்துக் கிணறு எண்டால் பிள்ளைக்குக் குடுக்காதேங்கோ" என்று சொன்னார். பவுசர் லொறியில் வருகிற தண்ணீருக்கு வரிசையில் முதல் வாளியும் அவருடையதாகவே இருக்கும்.

மாமா எங்களோடு பேசவில்லை. குழந்தை தேறி, உதடு சிவந்து வீட்டுக்கு வந்த அன்றும் பேசவில்லை. ஆனால் அடுத்த நாள் காலையில் பார்த்தால் தூணில் பேணி இல்லை. "வீதியாலை போறவைக்கு நஞ்சு குடுக்கவோ?" என்று மாமியிடம் முணுமுணுத்தாராம். உரம் கரைக்கிற இடமும் தாங்கி கழுவுகிற இடமும் கிணற்றை விட்டுத் தோட்டத்தின் கடைசி மூலைக்குப் போயின. அவரைப் பார்த்து மற்றவர்களும் மாற்றினார்கள். அம்மா வாயால் சொன்னதைவிட மாமாவின் வெறும் தூண் ஊருக்கு நன்றாக விளங்கியது. பிற்பாடு பாடசாலைச் சந்தியில் தண்ணீர் வடிகட்டுகிற இயந்திரம் வந்தபோது, தண்ணீர்க் கான்களை சைக்கிளில் கட்டிக்கொண்டு முதலாவதாகப் போனவரும் அவர்தான். வீம்பு பிடித்த மனிதர்கள் மாறினால் முழுதாகத்தான் மாறுவார்கள் என்பது என் அனுபவம்.

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவின் குசினியில் இப்போது காஸ் அடுப்பு. புகை மணக்கும் தண்ணீர் போயே போய்விட்டது. வேலியில் உரப்பை காய்வதில்லை. வழியில் கண்ட கிணற்றில் அள்ளிக் குடித்துவிட்டு நடக்கிற பழக்கமும் ஊரில் இல்லை, அது மட்டும் எனக்குக் கவலைதான். மாமாவின் கிணறு நிறைந்து கிடந்தது, மிளகாய்க்கு மட்டும் இறைக்கிறார்கள். நல்ல வெயில். பேணியை எடுக்கத் தூணுக்குக் கை தானாகவே போக, துருப்பிடித்த ஆணிதான் தட்டுப்பட்டது.

"அதிலை ஒண்டும் இல்லைப் பிள்ளை" என்றார் மரநிழலில் இருந்த மாமா. "விடாய்க்குது எண்டால் உள்ளுக்கை வா."

படியேறுவதற்குள் வதனி மச்சாளின் மகள் குசினியிலிருந்து தண்ணீரோடு வந்தாள். தாயைவிட உயர்ந்துவிட்டாள். கையில் அதே பித்தளைப் பேணி, புளி போட்டு மினுக்கியது. உள்ளே சந்தியில் வடிகட்டிய தண்ணீர். மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் சப்பென்றுதான் இருந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, "ஆ!" என்றேன்.