வாட்ச் முகாம்

எங்கள் கூட்டத்துக்கு அந்தப் பெண்ணை அழைத்தது நான்தான். இந்தப் பழியை வேறு யார் தலையிலாவது கட்ட முடியுமா என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன், முடியவில்லை.

திண்டுக்கல்லில் நாங்கள் ஒரு பத்திருபது பேர் இருக்கிறோம். பழைய காசு, தபால்தலை, தீப்பெட்டிப் படம், சாவி கொடுக்கிற வாட்ச் என்று ஆளுக்கொரு பைத்தியம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூடி, அவரவர் பைத்தியத்தை மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்காருவோம். முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து மண்டபக்காரர் சும்மாவே இடம் கொடுப்பார். நான் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். ஆனால் இந்தக் கூட்டத்தின் செயலாளர் என்ற பட்டம் எனக்குக் கடையைவிடப் பெரிது.

அந்தப் பெண் பழனிக்கு அடுத்த நெய்க்காரப்பட்டிப் பக்கம். கம்பெனி வேலையை விட்டுவிட்டு, வீட்டு மாடியில் உட்கார்ந்து கைக்கடிகாரங்களைத் தானே செய்கிறார் என்று கேள்விப்பட்டேன். ரிப்பேர் அல்ல. பல்சக்கரம் வெட்டுவதிலிருந்து முகப்புத் தகட்டில் கோடு செதுக்குவதுவரை எல்லாம் அவர் கை. ஒன்று முடிய ஒரு வருஷத்துக்குப் பக்கம் ஆகுமாம். போனில் கூப்பிட்டேன். மூன்று முடித்து வைத்திருப்பதாகவும், வீட்டு ஆட்களைத் தவிர இன்னும் யாரிடமும் காட்டியதில்லை என்றும் சொன்னார். நல்ல விலைக்கு வாங்க என்னிடம் ஆள் இருக்கிறது என்று நான் அளந்து விட்டேன். அதில் அவருக்குப் பெரிய அக்கறை இருந்த மாதிரித் தெரியவில்லை.

"விக்கோணும்னு இல்லீங்க சார். வெவரம் தெரிஞ்சவங்க நாலு பேரு நல்லாப் பாத்தாப் போதுங்க."

நாலு பேர் என்ன, நாற்பது பேரைக் கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்று எனக்கு வேகம் வந்துவிட்டது. 'கைக்கடிகாரக் கலைஞர் வருகிறார், அனைவரும் வருக' என்று வாட்ஸப்பில் எழுதி, எங்கள் குழுவோடு நிறுத்தாமல் தெருக் குழு, சொந்தக்காரர்கள் குழு, காலையில் நடக்கப் போகிறவர்கள் குழு என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் அனுப்பினேன். அதே மண்டபத்தில் கண் முகாம், சர்க்கரை முகாம், ஆதார் முகாம் எல்லாம் நடந்திருக்கின்றன. எங்கள் ஊர் ஜனம் இதையும் அந்தக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்று எனக்கு உறைக்கவில்லை.

ஞாயிறு காலை அவர் எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார். மேஜையில் முந்தைய பந்திக்கு விரித்த காகிதம் அங்கங்கே ஒட்டிக் கிடந்தது. அதைத் தண்ணீர் தொட்டுத் துடைத்து, தான் கொண்டுவந்த கருநீலத் துணியை விரித்தார். பெட்டியைத் திறந்து கடிகாரங்களை எடுத்து வைக்க ஆரம்பித்தார். வைத்துக்கொண்டே, முள் செய்கிற விதத்தைச் சொன்னார். எஃகுத் தகட்டில் அறுத்து, அரத்தால் ராவி, சூடு காட்டிக் காட்டி நீல நிறத்துக்குக் கொண்டுவருவாராம். கொஞ்சம் கூடுதலாகக் காட்டிவிட்டால் நிறம் ஓடிவிடும், மறுபடி முதலிலிருந்து. பார்க்கச் சொல்லி லென்ஸை என்னிடம் நீட்டினார். நான் அதை வாங்கவும் வடைக்காரர் போன் செய்யவும் சரியாக இருந்தது. லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டே வடைக்குச் சட்னியா சாம்பாரா என்று பேசினேன். பிறகு குழுவில் போட ஒரு போட்டோ எடுத்தேன். என் முகமும் விழுகிற மாதிரிதான் எடுத்தேன்.

வடையை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தால் வாசலில் செருப்புக் குவிந்து கிடக்கிறது. உள்ளே எங்கள் ஆட்கள் நாலைந்து பேரைத் தவிர ஒருவர் கையிலும் காசு இல்லை, தபால்தலை இல்லை. மஞ்சப்பையிலும் துண்டிலும் சுற்றிய சுவர்க்கடிகாரங்கள். கல்யாணத்துக்கு வந்தது, புதுமனை புகுவிழாவுக்கு வந்தது, அன்பளித்தவர் பெயர் கண்ணாடியில் எழுதியது. எரியோட்டிலிருந்து பஸ் பிடித்து வந்த ஒரு அம்மாள் டோக்கன் எங்கே கொடுக்கிறார்கள் என்று என்னையே கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. இது முகாம் இல்லை, எல்லோரும் கிளம்புங்கள் என்று சத்தம் போட்டேன். அந்த அம்மாள் கடிகாரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்து மண்டபக்காரரே கக்கத்தில் ஒரு கடிகாரத்தோடு வந்து நின்றார். வீட்டில் நச்சரிக்கிறார்கள், இதை மட்டும் செத்த பார்க்கச் சொல்லுங்கள் என்றார். இவரிடம் மாட்டேன் என்று சொன்னால் அடுத்த மாதம் எங்கே கூடுவது? எனக்கு மனதில் அது ஒன்றுதான் ஓடியது. அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் திரும்பினேன்.

"இது ஒண்ண மட்டும் பாத்துக் குடுத்துருங்கம்மா. நம்ம மனுசருதான்."

அவர் என்னைப் பார்த்தார். முடியாது என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன், கொஞ்சம் ஆசைப்படவும் செய்தேன். அவர் நீலத் துணியை ஓர் ஓரமாகத் தள்ளி இடம் பண்ணினார்.

மண்டபக்காரருக்குப் பார்த்துவிட்டு எரியோட்டு அம்மாளுக்கு இல்லையென்று எப்படிச் சொல்வது? ஜனம் வரிசை கட்டி நின்றுவிட்டது. தன் கடிகாரங்களுக்கென்று கொண்டுவந்த சின்ன ஸ்க்ரூ டிரைவரால் அவர் பேட்டரிக் குழியில் பிடித்த துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தார். தங்கள் கடிகாரம் ஓடக் கண்டவர்கள் அவரிடம் தலையை ஆட்டிவிட்டு நேராக என்னிடம் வந்தார்கள். நல்ல காரியம் பண்ணினீர்கள் என்றார்கள், அடுத்த மாதமும் வையுங்கள் என்றார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. சற்று முன்பு விரட்டிய ஜனத்துக்கு நானே வடை எடுத்துக் கொடுத்தேன்.

மத்தியானம் மதுரையிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். வாட்ச் விஷயத்தில் கரை கண்டவர், இவரைத்தான் அந்தப் பெண்ணிடம் நான் பெரிதாகச் சொல்லி வைத்திருந்தேன். அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். தன் கையிலிருந்த வாட்ச்சைக் கழற்றி, செயினில் ஒரு கண்ணி எடுத்துத் தரச் சொல்லி அந்தப் பெண்ணிடம் நீட்டினார். அவரும் எடுத்துக் கொடுத்தார். டாக்டர் நன்றி சொல்லிவிட்டு, எங்கள் ஆட்கள் பழைய காசு பரப்பியிருந்த மேஜைப் பக்கம் போனார். இரண்டு எட்டு வைத்து, நீங்கள் பார்க்க வந்தவர் இவர்தான் என்று நான் சொல்லியிருக்கலாம். என்னைச் சுற்றி நாலு பேர் நின்று பாராட்டிக்கொண்டிருந்தார்கள். அதை விட்டு வர மனமில்லை.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியில் கொண்டுபோய் விட்டேன். மடியில் பெட்டி, யாரோ கொடுத்த முருங்கைக்காய்க் கட்டு ஒரு கையில். பழனி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நான் கீழே நின்று, நம் ஜனத்துக்கு இதெல்லாம் எங்கே தெரிகிறது என்று ஊர்மேல் பழியைப் போட்டு வருத்தம் தெரிவித்தேன். பரவாயில்லை என்றார். பிறகு கேட்டார்.

"உங்களுக்கு எது சார் புடிச்சுதுங்க?"

"மூணுமே அருமைம்மா. அதுல ஒண்ணச் சொல்லுன்னா நான் எதைச் சொல்ல?"

அவர் மடியிலிருந்த பெட்டியைப் பார்த்தார். குரலில் கோபமே இல்லை.

"மூணாவது வாட்ச்சு பெட்டிய விட்டு வெளியவே வரலீங்க சார். எடுக்கறதுக்குள்ள ஆளுங்க வந்துட்டாங்க."

டிரைவர் இன்னும் டீக்கடையில்தான் நின்றார், பஸ் கிளம்ப நேரம் இருந்தது. இப்போதாவது காட்டுங்கம்மா என்று கேட்டிருக்கலாம். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? பஸ் கிளம்பும்வரை அவர் மேலே இருந்தார், நான் கீழே நின்றேன்.