கல்லுக்காரர் வேண்டாமென்று சொன்ன லட்சணம்

என் வீட்டுக்காரரைத் தெருவில் எல்லோரும் கல்லுக்காரர் என்பார்கள். பாறைகளைப் பற்றி மாய்ந்து மாய்ந்து படித்துப் பட்டம் வாங்கியவர். வேலை பார்ப்பதோ, சமையல் மேடைக்குக் கல் விற்கிற கடையில். சாலையோரம் கிடக்கும் கல்லைக் குனிந்து எடுக்காமல் அவரால் நடக்க முடியாது. சட்டைப்பை கிழிந்துகொண்டே இருக்கும். நல்லவேளை, தையல்தான் என் தொழில். வீட்டில் அவர் கல்லைப் பற்றி வாயைத் திறந்தால் நான் மிஷினை ஓட்டத் தொடங்கிவிடுவேன்.

இவருக்கு ஒரு வேலை வந்தது. பகல் முழுக்க ரயிலில் போக வேண்டிய ஊர். அங்கே பாறை அருங்காட்சியகத்தில் உதவியாளர். கற்களைத் துடைத்து, வகை பிரித்து, பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டும். சம்பளம் கடையில் வாங்குவதில் பாதி.

"மீதிப் பாதிக்குக் கல்லைத் தின்போமா?" என்று ஆடித் தீர்த்துவிட்டேன். பார்த்துப் பார்த்துப் போட்ட கறுப்புச் சமையல் மேடை இங்கே இருக்கிறது. வெள்ளிப்பொடி தூவிய மாதிரி மின்னும். தெருத்தெருவாகப் பிடித்த தையல் வாடிக்கையும் இங்கேதான். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வா என்றால்?

"சரிம்மா, வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றார். வாதாடவே இல்லை. வாதாடியிருந்தால் ஜெயித்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அடுத்த வாரம் ஒரு நாள் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனார். கொடுக்கப் போனேன். கடையில் ஒரு இளம் ஜோடி நின்றிருந்தது.

"இந்தக் கறுப்பு கிரானைட் என்ன விலைங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இது கிரானைட்டே இல்லம்மா" என்றார் இவர். எனக்குப் பகீரென்றது. "எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. இதோட பேரு கேப்ரோ. பூமிக்குள்ள ஆழத்துல, அவசரமே இல்லாம, மெதுவா ஆறின கல்லு. பல கோடி வருஷம் வயசு. கை வச்சுப் பாருங்க!"

இருவரும் கை வைத்தார்கள். புருஷன்காரன் காதையே வைத்துப் பார்த்தான். இவர் பலகைக்குப் பலகை ஓடி, ஒவ்வொரு கல்லையும் சொந்தக்காரர்களை அறிமுகப்படுத்துவதுபோல் அறிமுகப்படுத்தினார். கடைசியில் அந்தப் பெண், "இவ்வளவு பழசா! இதுமேல எப்படிங்க வெங்காயம் நறுக்கறது?" என்று கும்பிடு போட்டாள். ஒன்றும் வாங்காமல் போய்விட்டார்கள்.

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "தினமும் இதே கூத்துதாம்மா. திட்டலாம்னா மனசு வரல. பேசறப்ப அந்த மூஞ்சியைப் பாருங்க!"

பார்த்தேன். கல்யாணத்தன்று என் பக்கத்தில் நின்றபோதுகூட அந்த முகம் அப்படி மின்னவில்லை. போயும் போயும் ஒரு கல்லின் மேல் எனக்குப் பொறாமை. கூடவே, இந்த மனுஷனை இப்படியே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று பேராசையும் வந்துவிட்டது.

டப்பாவை மேசையில் வைத்தேன். "அந்த வேலைக்குப் போலாங்க. மிஷின் எந்த ஊர்லயும் ஓடும்."

அவர் முகம் தொங்கிப்போனது. "போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிட்டேனேம்மா."

"என்னிக்கும் இல்லாத சுறுசுறுப்பு இதுல மட்டும் எங்கேருந்து வந்தது?" என்று கத்திவிட்டு, அவர் போனைப் பிடுங்கி அருங்காட்சியகத்துக்கு அடித்தேன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"நீங்க வேலைக்குக் கூப்பிட்ட கல்லுக்காரர் வீட்டுலேருந்து பேசறேங்க. அவர் வேண்டாம்னு சொன்னதுக்கு நான்தான் காரணம். இன்னும் அந்த இடம்..."

"வேண்டாம்னு சொன்னாரா? எப்போ?" என்றார் அந்தப் பக்கத்திலிருந்து அதிகாரி. "கூப்பிட்டாரும்மா. எங்க வாசல்ல இருக்கிற பாறைக்குத் தப்பான பேரு ஒட்டியிருக்கோம்னு ஆரம்பிச்சார். மத்தியானம் வரைக்கும் பேசினார். அப்புறம் வச்சுட்டார். நாங்க அவருக்கு நாற்காலி போட்டு வச்சிருக்கோமே!"

நானும் முதலாளியும் இவரைப் பார்த்தோம்.

"சொல்லலையா நான்?" என்றார், வாயைப் பிளந்துகொண்டு.

முதலாளிதான் முதலில் வெடித்துச் சிரித்தார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு கேப்ரோ பலகை மேலேயே சாய்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர்; சிரிப்பா, அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

"உன் மேடை?" என்று இவர் மெதுவாகக் கேட்டார். "அங்க வேலையோட குடுக்கற வீட்டுல வெறும் சிமெண்ட் மேடைதாம்மா." சொல்லும்போதே கண் விரிந்தது. "ஆனா சிமெண்ட் எதுலேருந்து வருதுன்னு தெரியுமா? சுண்ணாம்புக்கல்லு! அந்தச் சுண்ணாம்புக்கல்லு இருக்கே..."

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"ம், சொல்லுங்க" என்றேன்.