கொழும்பா மாலத்தீவா

என் மனைவியின் தம்பி கல்ஃபில் இருந்தான். தொண்ணூறுகளில் பூவார் கரையில் பல வீட்டிலும் அப்படி ஒருவன் இருந்தான். ஒரு லீவில் வந்தபோது அவனுக்கு ஒரு குறை வந்துவிட்டது. வேலைக்காக வெளிநாடு போயாயிற்று, சுற்றிப் பார்க்க வெளிநாடு போகவில்லையாம். மனிதனுக்கு இப்படியும் குறை வரும் என்று அன்றுதான் கண்டேன்.

அவனும் பெண்டாட்டியும் போவார்கள். கூட அக்காளும். தாய் போன பிறகு அவனை வளர்த்தவள் அவள். அவளுக்குப் பாஸ்போர்ட்டும் எடுத்தாயிற்று. என்னை யாரும் கூப்பிடவில்லை.

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் பக்கத்தில் இரண்டு நாடு. இலங்கை, மாலத்தீவு. எது என்று தினமும் சண்டை. படம் போட்ட காகிதங்களைக் கட்டில் முழுக்கப் பரப்பி வைத்திருந்தான். ஒன்றில் வெள்ளைக்காரனும் வெள்ளைக்காரியும் மணலில் மல்லாந்து கிடந்தார்கள். எங்கள் கரையில் அப்படிக் கிடப்பவனை உலுக்கிப் பார்ப்போம். மூச்சு இருந்தால் வீட்டில் கொண்டுபோய்ப் போடுவோம்.

"அத்தான், நீங்க ரெண்டையும் கண்டவராக்கும். எது கொள்ளாம்?"

"ஒண்ணுல டீ நல்லா இருந்து. மத்ததுல மீன் நல்லா இருந்து."

நான் கண்டது உண்மை. ஒருமுறை வள்ளத்தில் சுறா பிடிக்கப் போய் எல்லை தெரியாமல் இலங்கைப் பக்கம் ஏறிவிட்டோம். துறைமுகத்தில் வைத்து விசாரித்தார்கள், டீ தந்தார்கள், அனுப்பிவிட்டார்கள். மாலத்தீவு அப்படியல்ல. நடுக்கடலில் எஞ்சின் நின்று, வள்ளம் நீரோட்டத்தின் போக்கில் தானே ஒழுகிப்போய் ஒரு சின்னத் தீவில் தட்டியது. போலீஸ் ஸ்டேஷன் சுவரை ஒட்டி இறக்கிய சாய்ப்புக் கொட்டகையில் எங்களை வைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி தினமும் சோறும் மீன் அவித்த தண்ணீரும் கொண்டுவந்தாள். என் சட்டை கிழிந்ததைக் கண்டு அவள் புருஷன் சட்டையைத் தந்தாள். அவள் பேச்சு எனக்கு விளங்காது, என் பேச்சு அவளுக்கும்.

அந்த நாளெல்லாம் இங்கே ஒரு தகவலும் இல்லை. நான் செத்தேன் என்று கரையில் பேசி முடித்துவிட்டார்கள். வந்து அழுதார்கள், காப்பி குடித்தார்கள், போனார்கள்.

அதனால் என் மனைவி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"எனக்கு மாலத்தீவு போதும். இவருக்குச் சோறு போட்டவள ஒருக்க காணணும்."

தம்பி பெண்டாட்டிக்குச் சிரிப்பு. "மாலத்தீவுல என்ன உண்டு மதினி? மணலும் கடலும். அது நம்ம வாசல்லயே கெடக்கு. கொழும்புல கட உண்டு."

கடை பார்க்கக் கடல் தாண்ட வேண்டும் அவளுக்கு. நெய்யாற்றின்கரையில் கடையே இல்லை போலும்.

கடைசியில் தம்பி இறங்கி வந்தான். "அக்கா கேட்டது இது ஒண்ணுதான். மாலத்தீவுக்கே போவோம்."

திருவனந்தபுரத்தில் ஒரு டிராவல்ஸ் ஆபீசுக்கு நால்வரும் போனோம். தீவின் பெயர் எனக்குத்தான் தெரியும், அதனால் நானும். டை கட்டிய ஒருவர் இருந்தார். அத்தான் ஏற்கெனவே போயிருக்கிறார் என்று மச்சினன் பெருமையாகச் சொன்னான். எந்த ரிசார்ட்டில் தங்கினீர்கள் என்று அவர் கேட்டார்.

"போலீஸ் ஸ்டேஷன் பக்கத்துல," என்றேன்.

மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான். நான் தீவின் பெயரைச் சொன்னேன். அவர் ஒரு புத்தகத்தைப் புரட்டினார். அது ஊர்க்காரர்கள் வாழும் தீவு, சுற்றுலாவுக்கு வருகிறவர்களை அங்கே விடமாட்டார்கள், தனி அனுமதி வேண்டும், அது கிடைக்காது என்றார்.

"அப்ப இவரு எப்பிடிப் போனாரு?" என்று கேட்டாள் மனைவி.

"பாஸ்போர்ட் இல்லாம," என்றேன்.

பாஸ்போர்ட்டோடு போகிறவளுக்கு அந்தத் தீவு கிடையாது. வெறும் கையோடு ஒழுகிப் போனவனுக்கு உண்டு. படித்தவர்கள் யோசித்துப் போட்ட சட்டம்.

டை கட்டியவர் விடவில்லை. விருந்தாளிகளுக்கென்றே வேறு தீவுகள் உண்டு, அங்கே ஊர்க்காரர் ஒருவர்கூட வீடு வைத்திருக்க மாட்டார்கள், நல்ல அமைதி என்றார். அதை ஒரு சிறப்பாகவே சொன்னார்.

"அப்ப கொழும்பு!" தம்பி பெண்டாட்டி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"அக்கா, நீயும் கொழும்புக்கு வா."

"கொழும்புல எனக்கு ஆரு உண்டு?"

"சுத்திப் பாக்கதுக்கு ஆளு எதுக்குக்கா?"

"எனக்கு ஆளு வேணும் மக்கா. நீங்க போயிட்டு வாருங்க."

அவர்கள் இரண்டு டிக்கெட் சொன்னார்கள். நாங்கள் பஸ் ஏறினோம். பாலராமபுரம் தாண்டியதும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அவ எப்பிடி இருப்பா?"

"ஒன் பொக்கம் வரும், ஒனக்குத் தோளோட தோள் நிப்பா. பல்லு கொஞ்சம் எடுப்பு."

"சோறு வைக்கும்ப சிரிப்பாளா?"

"இல்ல. நான் முழுசும் தின்னு முடிச்சா சிரிப்பா."