புளி போட்டு விளக்கிய ராஜா

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் ரோமாபுரி ராஜா ஒருவர் ஆறு மாதம் குடியிருந்தார். என்னுடைய பழைய தகரப் பென்சில் டப்பாதான் அவருக்கு அரண்மனை. மெத்தைக்குப் பஞ்சு வைத்திருந்தது. டப்பாவின் மூடி நெளிந்துவிட்டது, எனக்கு வேண்டாம் என்று நான்தான் சித்தப்பாவிடம் கொடுத்தேன். அந்த வகையில் ராஜா என் வாடகைக்காரர் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ராஜாவைக் கண்டெடுத்தது என் அப்பாவின் தம்பியான சித்தப்பா. சின்னமனூரிலிருந்து ஆற்றுப்பக்கம் இறங்கினால் எங்கள் ஊர். வைகாசியில் கண்மாய் வற்றியதும் ஊரில் இருக்கிற அத்தனை பேரும் வண்டல் மண் அள்ளித் தோட்டத்துக்கு அடிப்பார்கள். எங்கள் வீட்டு டிராக்டரை ஓட்டியது சித்தப்பா. தென்னந்தோப்பில் கொட்டிய மண்ணைப் பரத்தும்போது மம்பட்டியில் ஏதோ நறுக்கென்று பட்டிருக்கிறது. வேறு யாராவது என்றால் சோடா மூடி என்று வீசியிருப்பார்கள். சித்தப்பா வாய்க்கால் தண்ணீரில் அலசி, வேட்டி நுனியில் முடிந்துகொண்டு வந்தார்.

ஏனென்றால் அவருக்கு ஏற்கெனவே காசுப் பைத்தியம் பிடித்திருந்தது. ஓட்டைக் காலணா, திருவிதாங்கூர்ச் சக்கரம், தேயிலைத் தோட்டத்துக்காரர்கள் கொண்டுவந்த சிலோன் சதம் என்று ஒரு ஆல்பமே வைத்திருந்தார். ஒவ்வொரு காசுக்கும் கீழே என் நோட்டில் கிழித்த காகிதத்தில் நாடு, ராஜா பெயர், கிடைத்த இடம், கொடுத்தவர் என்று அழகான கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருக்கும். கடையில் மிட்டாய் கூட வாங்க முடியாத காசுகளுக்கு எதற்கு இத்தனை மரியாதை என்று அப்பா கேட்பார். சித்தப்பா சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

உத்தமபாளையத்துக் கல்லூரியில் சேர்ந்து வரலாறு படிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்ததாம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருடம் தாத்தா இறந்துபோக, அப்பா ஒருவரால் தோட்டத்தைச் சமாளிக்க முடியாமல், தம்பியை டிராக்டரில் ஏற்றிவிட்டார். அதை ஒரு குறையாகச் சித்தப்பா சொல்லி நான் கேட்டதில்லை. டிராக்டரின் டூல் பாக்ஸில் மட்டும் ஸ்பானர்களுக்கு அடியில் ஒரு வரலாற்றுப் புத்தகம் கிரீஸ் படிந்து கிடக்கும்.

புதிதாகக் கிடைத்தது சுண்டுவிரல் நகம் அளவு இருந்தது. கனமாக, கரும்பச்சையாக, பார்ப்பதற்கு ஆட்டுப் புழுக்கையைத் தட்டிவைத்த மாதிரி. வைகை மணலில் கிடைக்கும் பழங்காசுகளைப் பற்றி மதுரையில் ஒரு பேராசிரியர் வாரப் பத்திரிகையில் எழுதியிருந்ததைச் சித்தப்பா படித்திருந்தார். அவருக்கு எழுதிப்போடுவது என்று முடிவு செய்து, காசின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தார். தாளை நான்தான் பிடித்துக்கொண்டேன். காசில் தெரியாத ராஜா தாளில் எழுந்து வந்தார். பெரிய மூக்கு, தலையைச் சுற்றி ஒரு கட்டு, விளிம்பில் இரண்டு எழுத்து. சித்தப்பா அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பேராசிரியரின் பதிலைச் சித்தப்பா வீடே கேட்கும்படி படித்தார். இது ரோமாபுரிக் காசாக இருக்கலாம். மலையில் விளைந்த மிளகு குமுளிக் கணவாய் வழியாக உங்கள் ஊர்ப்பக்கம் இறங்கித்தான் மதுரைக்கு வந்திருக்க வேண்டும் என்று நான் நெடுநாளாக நினைத்துவருகிறேன். ஆனால் பென்சில் நகலை வைத்துச் சொல்ல முடியாது, காசை நேரில் பார்த்து உறுதி செய்தால் உங்கள் ஊர்ப் பெயரையும் உங்கள் பெயரையும் போட்டுக் கட்டுரை எழுதுவேன். இவ்வளவும் அந்தக் கடிதத்தில் இருந்தது.

“அவுக வந்து பாத்து ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், நானே ஊரைக் கூட்டி ஒனக்கு மாலை போடுறேன்டா” என்றார் அப்பா. கேலியாகச் சொன்னாரா, மெய்யாகவே சொன்னாரா என்று யாருக்கும் தெரியவில்லை. சித்தப்பா மெய் என்று எடுத்துக்கொண்டார். அவர் முகம் அன்றைக்கு இருந்த மாதிரி பின்னாளில் அவருடைய கல்யாணத்தன்றுகூட இருக்கவில்லை.

இரண்டாவது கடிதம் ஐப்பசி கடைசியில் வந்தது. திருக்கார்த்திகைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வருவதாக எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைச் சித்தப்பா தனியாகப் படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றி, “யாரும் தொடப்படாது” என்று சொன்னார். எங்கள் வீட்டில் முறுக்குத் தூக்குக்கும் அதே சட்டம்தான், டேப் ரெக்கார்டருக்கும் அதே சட்டம்தான். நான் எதையும் தொடாமல் இருந்ததில்லை.

இந்த இடத்தில் என் அத்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பாவின் தங்கையான அவரை அந்த ஆவணியில் போடியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். வருவதற்கு முந்தின நாள் அம்மா அவரைப் பிடித்து உட்காரவைத்து, பயத்தமாவும் மஞ்சளும் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் அத்தை அலறிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் பார்த்த மாத்திரத்தில் சரி என்றார்கள். அந்தப் பெருமை முழுவதும் தேய்ப்புக்குத்தான் என்று அம்மா சொல்லிக்கொண்டார், நானும் நம்பினேன். மதுரையிலிருந்து ஒருவர் ராஜாவைப் பார்க்க வருகிறார், ராஜாவோ பச்சை முகத்தோடு பஞ்சில் படுத்திருக்கிறார். இதில் யாருக்கும் கவலை இல்லையே என்று எனக்குப் பதறியது.

சனிக்கிழமை மத்தியானம் அம்மா கொல்லையில் விளக்குகளைப் பரப்பிவைத்து விளக்கிக்கொண்டிருந்தார். கார்த்திகைக்கு எடுத்த பித்தளை விளக்குகள், குடம், தாம்பாளம், எல்லாம் களிம்பேறிக் கிடந்தன. அம்மாவைப் பொறுத்தவரை களிம்பு என்பது மானப் பிரச்சினை. ஒருவர் வீட்டுக் குடத்தில் பச்சை தெரிந்தால் அந்த வீட்டில் காப்பித்தண்ணி வாங்கிக் குடிக்க யோசிப்பார். எனக்குச் சின்னப் பித்தளை அகல்களைக் கொடுத்திருந்தார். புளியை வைத்து ஒரு தேய், செங்கல்பொடியைத் தொட்டு ஒரு தேய். பச்சை கரைந்து ஓட, உள்ளேயிருந்து பொன் மாதிரி வந்தது.

இவ்வளவு அழுக்குக்குள் இருந்துகொண்டே தாளில் அத்தனை மூக்கும் முழியுமாக வந்தவர், அழுக்கை எடுத்துவிட்டால் ஸ்டுடியோவில் எடுத்த போட்டோ மாதிரி வரமாட்டாரா? அம்மா முன்கட்டுக்குப் போன நேரத்தில் நாற்காலி போட்டு ஏறி டப்பாவை இறக்கினேன். ஒரு கொட்டைப் புளியை எடுத்தேன். கை வலிக்க வலிக்கத் தேய்த்தேன். முதலில் கறுப்பு ஓடியது, அப்புறம் பச்சை, அப்புறம் ராஜா செம்புச் சட்டைப் பொத்தான் மாதிரி மின்னினார். மூக்கு எங்கே என்று கொஞ்சம் தேடினேன். அதுவும் அழுக்கோடு சேர்ந்ததுதான் போலிருக்கிறது என்று தோன்றியது. மின்னியதே போதும் என்று பாவாடையில் துடைத்துப் பஞ்சில் வைத்து மூடினேன். காலையில் எல்லாரும் ஆச்சரியப்படட்டும் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது எவ்வளவு பெரிய தவம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

பேராசிரியர் பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, தோளில் ஒரு ஜோல்னாப் பை, பைக்குள் பூதக்கண்ணாடி. அம்மா உளுந்த வடையும் காப்பியும் கொடுத்தார். அப்பா விபூதி பூசி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சித்தப்பா புதுச்சட்டையின் மடிப்புக் கலையாமல் டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நான் மேசைக்கு எதிரே, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நின்றுகொண்டேன்.

சித்தப்பா மூடியைத் திறந்தார். புளி வாசம் வந்தது.  பேராசிரியர் கண்ணாடியை எடுத்துக் குனிந்தார், காசைத் திருப்பினார், மறுபடியும் திருப்பினார். பையிலிருந்து பென்சில் நகலை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டார்.

“தம்பி, இதை யாரு வெளக்குனது?”

ஆச்சரியத்தில் அவருக்குக் குரல் எழும்பவில்லை என்று நினைத்தேன். சித்தப்பாவின் கண் என் முகத்தில் நின்றது. பிறகு என் கைக்கு இறங்கியது. நகக்கண்ணில் செங்கல்பொடி இன்னும் சிவப்பாக ஒட்டியிருந்தது. நான் மூச்சை இழுத்து வாயைத் திறந்தேன்.

“நாந்தேன் சார்” என்றார் சித்தப்பா. “நீங்க வாரீகளேன்னு நாந்தேன் புளி போட்டு வெளக்கி வச்சேன்.”

என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை. அப்பா தொடையில் தட்டிக்கொண்டு ஓவென்று சிரித்தார். பேராசிரியர், “நல்லாத்தான் வெளக்கியிருக்கீங்க” என்றார். என் பாராட்டு என் கண்ணெதிரே இன்னொருவர் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் மாட்டுக்கொட்டத்துக்கு ஓடிப்போய்க் வைக்கோல் கூளப்படப்பில் குப்புற விழுந்து அழுதேன். அப்புறம் அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

பேராசிரியரை பஸ் ஏற்றிவிட்டுச் சித்தப்பா என்னைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் இரண்டு வடையும் ஒரு கொத்துப் பன்னீர்த் திராட்சையும் இருந்தன.

“ஆத்தா, இங்கன என்ன செய்யிற?”

நான் முகத்தைக் கூளத்துக்குள் இன்னும் புதைத்துக்கொண்டேன்.

“எம்மேல கோவமா?”

“நான் வெளக்குனதை நீங்க வெளக்குனதாச் சொல்லிட்டீக. அவுககிட்ட நீங்க பேர் வாங்கிட்டீக.”

 சித்தப்பா சிரிக்க ஆரம்பித்தார். கூளத்தின் மேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். தண்ணீர் சிரிப்பில்தான் வந்தது என்று அப்போது எனக்குச் சந்தேகமே இல்லை.

“தப்புதேன் ஆத்தா. ஆசையில சொல்லிட்டேன். யாருகிட்டயும் காட்டிக்குடுத்துறாத, என்ன?”

திராட்சையை வாங்கிக்கொண்டேன், மன்னிக்கவில்லை. மூன்று நாள் அவரோடு பேசாமல் இருந்து, கார்த்திகை விளக்கு ஏற்றிய சாயங்காலம் ஒரு நிபந்தனையோடு மன்னித்தேன். ஆல்பத்தில் அந்தக் காசுக்குக் கீழே உண்மையை எழுத வேண்டும். சித்தப்பா மறு பேச்சில்லாமல் என் நோட்டில் தாள் கிழித்து, என் கண்முன்னே மைப்பேனாவால் எழுதினார். ‘ரோம். ராஜா பெயர் தெரியாது. கிடைத்த இடம்: கண்மாய் வண்டல். விளக்கியவர்:’ என்று போட்டு என் பெயரை இனிஷியலோடு எழுதி ஒட்டினார்.

எனக்கு நியாயம் கிடைத்துவிட்டது. அதன்பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா, “என் தம்பிகிட்ட எதையும் குடுத்துறாதீக, வெளக்கியே தொலைச்சுருவான்” என்று சொல்லிச் சிரிப்பார். அந்தப் பெயரும் எனக்கு வர வேண்டியது என்று உள்ளுக்குள் பொருமினாலும், கொடுத்த வாக்குக்காகப் பேசாமல் இருந்தேன். சித்தப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அவர் வருத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை. பேராசிரியரோடு கடிதப் போக்குவரத்து நிற்கவில்லை. ஒருமுறை மதுரைக்குப் போய் அவருடைய காசுகளையெல்லாம் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் அதையே பேசினார். வைகாசி வந்தால் வண்டலைச் சல்லடை போட்டுச் சலிப்பார். எங்கள் ஊர்ப் பெயர் மட்டும் எந்தக் கட்டுரையிலும் வரவில்லை. வரவேண்டியிருந்தது என்பதையே நான் மறந்துபோனேன்.

பதினோரு வருடம் கழித்து, என் நிச்சயதார்த்தத்துக்காக வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அலமாரியை நான்தான் ஒழித்தேன். ஆல்பத்துக்கு அடியில் பேராசிரியரின் கடிதங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. இரண்டாவதை அன்றைக்குத்தான் படித்தேன். மடிப்பு இற்றுப்போகிற அளவுக்குப் பலமுறை பிரித்த தாள் அது.

‘தம்பி, நான் வரும்வரை காசைத் தண்ணீர் தவிர வேறெதைக் கொண்டும் தொட வேண்டாம். குறிப்பாகப் புளி கூடவே கூடாது. இவ்வளவு தேய்ந்த செம்புக் காசில் உருவம் களிம்பில்தான் நிற்கிறது. களிம்பு போனால் முகமும் போய்விடும்.’

சித்தப்பா முற்றத்தில் சுண்ணாம்பு வாளியோடு ஏணியில் நின்றுகொண்டிருந்தார். “என்ன ஆத்தா, புதையல் ஏதும் கெடச்சுச்சா?” என்று கேட்டார். “ஒண்ணும் இல்ல சித்தப்பா” என்றேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒன்பது வயதில் மூன்று நாள் யோசித்து, பெரிய மனது பண்ணி, நிபந்தனை போட்டு அவரை மன்னித்தவள் நான். அவர் என்னை மன்னித்தது எனக்குத் தெரியவே இல்லை. மேசைக்கு எதிரே நின்று நான் வாயைத் திறப்பதற்குள்ளேயே அது முடிந்துபோயிருந்தது.