டார்ச்சக்காவும் அறுநூறு பழுப்பு முட்டைகளும்

பண்ணையில் அவளுக்குப் பெயர் டார்ச்சக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள்.

கோழிக்குஞ்சு பொரிக்கும் பண்ணை அது. அடைகாக்கும் மிஷினிலிருந்து முட்டைகளைத் தட்டுத் தட்டாக எடுத்து, பின்கட்டு இருட்டறையில் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தின் மேல் வைத்து, உள்ளே குஞ்சு வளர்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. பதினோரு வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துவருகிறாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே பண்ணையின் விளக்கு உடைந்துபோனது. "ரெண்டு நாளைக்கு உங்க வீட்டு டார்ச்சைக் கொண்டாம்மா" என்றார் முதலாளி. பண்ணையில் 'ரெண்டு நாள்' என்றால் ஆயுசு முழுக்க என்று அர்த்தம். அன்று வந்த டார்ச், பகலில் பண்ணையிலும் இரவில் வீட்டிலுமாக, அவளோடே போய்வந்துகொண்டிருந்தது.

முழங்கை நீளத் தகர டார்ச். மூன்று பெரிய செல் போட வேண்டும். நடுவில் ஒரு ஒடுக்கு உண்டு. அவள் புருஷன் ஒருமுறை அதைக்கொண்டு எலியை அடிக்கப் போனான். எலி தப்பித்துவிட்டது, டார்ச் மாட்டிக்கொண்டது. முன்பக்கக் கண்ணாடி என்று பெயருக்கு ஒரு பிளாஸ்டிக் வில்லை, கீறல் விழுந்து மங்கியிருந்தது. வெளிச்சமோ கஞ்சித் தண்ணீர் நிறம். வெள்ளை முட்டைக்கு அது போதும்.

வம்பே பழுப்பு முட்டையால்தான் வந்தது. அடர்பழுப்பு ஓடு போடும் ஜாதிக்கோழி ஒன்று உண்டு, திடகாத்திரமானது, நோய்நொடி சுலபத்தில் அண்டாது. அதை வளர்க்கலாம் என்று இரண்டு வருஷம் முதலாளியின் காதில் ஓதியவள் டார்ச்சக்காதான். "சரி, உன் ஆசைக்கு அறுநூறு முட்டை வாங்கிப் போடலாம்" என்று அவர் ஒருவழியாக இறங்கிவந்தார். முட்டைகளை மிஷினில் வைத்த ஒன்பதாம் நாள் விடிகாலையில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் இருமியது, கிளம்பவில்லை. நாலு மணி நேரம் மிஷின் ஆறிக் கிடந்தது.

இரண்டு நாள் கழித்து முதலாளியே இருட்டறைக்கு வந்தார். டார்ச்சை வாங்கிப் பத்துப் பழுப்பு முட்டைகளை வைத்துப் பார்த்தார். பத்தும் கன்னங்கரேல் என்றிருந்தன. வெள்ளை முட்டை என்றால் இந்த நேரத்துக்குச் சிவப்பு நரம்பு தெரியும், நடுவில் கறுப்புப் பொட்டாகக் குஞ்சு அசையும். முழுக் கறுப்பு என்றால் அழுகல். பண்ணையில் பிறந்த பூனைக்குக்கூட இது தெரியும்.

"போச்சு. எல்லாம் செத்துடுச்சு" என்றார். "அழுகின முட்டை மிஷினுக்குள்ள வெடிச்சா வெள்ளை முட்டையும் சேர்ந்து நாசமாயிடும். கொட்டகைக்குப் பின்னால குழி தோண்டச் சொல்லிட்டேன். நாளைக்கு மத்தியானம் அத்தனையும் குழிக்குள்ள போகணும். இதோட பழுப்புக்கும் ஒரு முழுக்கு."

அவள் கண்ணுக்கும் கறுப்புதான் தெரிந்தது, பொய் சொல்ல முடியாது. ஆனால் நாற்றம் இல்லை. பதினோரு வருஷ மூக்கு அது. சற்று யோசித்தாள். மாதிரிக்கென்று வாங்கிவைத்திருந்த ஒரே ஒரு பழுப்புக்கோழியின் கூண்டுக்கு விறுவிறுவென்று போய், அது சற்றுமுன் இட்டுவைத்திருந்த முட்டையைச் சூடு ஆறாமல் எடுத்துவந்து டார்ச்சின் மேல் வைத்தாள். அதுவும் கறுப்பு!

"பாருங்க முதலாளி, இது இப்பதான் போட்டது. இதுவும் அழுகிடுச்சா? ஓடு தடிமன். வெளிச்சம் உள்ளே போகவே இல்லை. முட்டை மேல குத்தம் இல்லீங்க, டார்ச் மேலதான்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

"கூடம் நெஜமாவே கோணலா இருந்தா என்னங்க பண்றது?"

வாதத்தில் மடங்கும்போது முதலாளிமார்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அவரும் பார்த்தார். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் டார்ச்சும் கையுமாக மின்சாமான் கடையில் நின்றாள். கடைக்காரப் பெண்ணுக்கு வாய் நீளம், கையும் சுத்தம். பின்மூடியைத் திருகித் திறந்தாள். ஸ்பிரிங் முழுக்க வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது.

"அக்கா, இத்தனை நாள் இது எரிஞ்சதே உங்க புண்ணியம். இந்தச் செல்லுங்களைப் பாருங்க. ஒண்ணு புதுசு, ரெண்டு கிழடு. ஒரு கிழட்டு மாட்டைப் பூட்டினா மத்த மாடு அதையும் சேத்துல்ல இழுக்கணும்? மூணையும் ஒண்ணாத்தான் மாத்தணும்."

"புது டார்ச்சே வாங்கிடட்டுமா?"

"எதுக்கு? உடம்பு இரும்பு மாதிரி இருக்கு. உள்ளே மட்டும் மாத்துங்க. இந்த எல்.இ.டி. பல்பு பழைய பல்பு இருந்த எடத்துலயே திருகிக்கும். மூணு செல்லுக்குன்னே வர்றது. சூடும் அவ்வளவா ஆகாது. ஸ்பிரிங்கை உப்புத்தாள் வச்சுத் தேய்ங்க. முன்னாடி வில்லைக்குப் பல் விளக்குற பேஸ்டு போதும். ஆனா உள்ளே பளபளன்னு இருக்கே கிண்ணம், அதைத் துணியால மட்டும் துடைச்சிடாதீங்க. கீறல் விழுந்தா அவ்வளவுதான். வாயால ஊதி விடுங்க."

வீட்டில் சமையல் மேடைமேல் பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தாள். புருஷன் டீ போட்டுக்கொண்டே வேடிக்கை பார்த்தான். ஸ்பிரிங் உப்புத்தாளுக்கு மசிந்து மினுங்கியது. மூடியின் மரையையும் தேய்த்தாள். பேஸ்டு தடவி வில்லையை அரைமணி நேரம் வட்டமாகத் தேய்த்துக் கழுவியதும் மூடுபனி விலகினதுபோல் தெளிந்தது. உதவி செய்கிறேன் பேர்வழி என்று புருஷன் தோள்துண்டோடு கிண்ணத்தை நெருங்கினான். கையில் ஒன்று போட்டாள்.

கடையில் வாங்கிவந்த மூன்று புதுச் செல்லையும் புருஷன் உள்ளே போட்டான். புது பல்பையும் மற்றவற்றையும் அவள் மாட்டி, பொத்தானைத் தள்ளினாள். இருட்டு. மறுபடி தள்ளினாள். மறுபடியும் இருட்டு.

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்றான் புருஷன்.

"நீங்க ஒண்ணுமே சொல்லலை. டீயைத்தான் குடிச்சீங்க."

குரல் என்னவோ காரமாகத்தான் வந்தது. கண்ணில் நீர் கட்டிவிட்டது. குழி ஞாபகம் வந்தது. செல்களை வெளியே கொட்டிப் பார்த்தாள். "இதை எப்படிப் போட்டீங்க?" என்றாள் சட்டென்று.

"எப்பவும் போடற மாதிரிதான். அடி முன்னாடி, தலை பின்னாடி."

கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் செல் தலைகீழாகத்தான் போய்க்கொண்டிருந்தது! முதல் தடவை அவன் அப்படிப் போட்டான், எரிந்தது, அதுவே சட்டமாகிவிட்டது. பழைய பல்புக்கு மின்சாரம் எந்தப் பக்கம் வந்தாலும் ஒன்றுதான். புதியதற்கு அப்படி இல்லை. மூன்று செல்லையும் தலை பல்பைப் பார்த்திருக்கும்படி திருப்பிப் போட்டுப் பொத்தானைத் தள்ளினாள்.

வெளிச்சம் சுவரில் அறைந்தது. புருஷன் கண்ணைப் பொத்திக்கொண்டான். அவள் டார்ச்சை மேலே திருப்பினாள். "அய்யய்யே, இந்த ஒட்டடை எத்தனை வருஷமா இருக்கு?" என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் பாடு என்னவென்று புருஷனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

படுக்கும்முன் கடைசி வேலை ஒன்றையும் முடித்தாள். ஒரு டப்பா மூடியில் முட்டையின் அகன்ற பக்கம் உட்காரும் அளவுக்கு ஓட்டை போட்டு, ஓரத்தில் சைக்கிள் ட்யூப் துண்டை ஒட்டி, டார்ச்சின் வாயில் மாட்டினாள். இனி ஒரு பொட்டு வெளிச்சம்கூட முட்டைக்கு வெளியே சிந்தாது.

காலையில் இருட்டறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள். முதல் பழுப்பு முட்டையை ரப்பரின் மேல் வைத்தாள். ஓடு தணல்போல் உள்ளிருந்து சிவந்தது. நூல் நூலாக நரம்பு. நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு. அது அசையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். முப்பது வரை எண்ணியிருப்பாள். பொட்டு துள்ளியது.

அவள் போட்ட கூச்சலில் கொட்டகைக் கோழிகள் மொத்தமும் கொக்கரித்தன. முதலாளி ஓடிவந்தார். பின்னால் மண்வெட்டியோடு குழி வெட்டும் ஆளும் வந்தான்.

"என்ன, கைல கால்ல போட்டுக்கிட்டியா?"

"பாருங்க முதலாளி!"

அவர் குனிந்து பார்த்தார். "ஆடுதும்மா" என்றார், முட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஆடத் தெரிஞ்சதுங்கதான். கூடத்தைத்தான் நிமிர்த்த வேண்டியிருந்தது."

மத்தியானத்துக்குள் அறுநூறையும் ஒற்றை ஆளாகப் பார்த்து முடித்தாள். நாற்பத்தொன்றில் நரம்பு இல்லை, ரத்த வளையம் மட்டும். அவை நிஜமாகவே போனவை. மனசு கஷ்டப்பட்டாலும் தனியே எடுத்துவைத்தாள். மற்ற ஐந்நூற்று ஐம்பத்தொன்பதும் உயிரோடு மிஷினுக்குத் திரும்பின. வெளியே வந்து குழியை எட்டிப் பார்த்தாள். ஆள் ஒருவன் நிற்கும் ஆழம்.

"நாப்பத்தொரு முட்டைக்கு இது கொஞ்சம் பெருசுங்க முதலாளி" என்றாள்.

முதலாளி சிரித்துவிட்டார். அந்த நாற்பத்தொன்றையும் அடியில் போட்டு, ஆளிடமிருந்து மண்வெட்டியை வாங்கி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவரே மண்ணைத் தள்ளினார். பாதியில் மூச்சு வாங்கியது. அவள் டார்ச் அடித்துக் காட்டினாள், பட்டப்பகலில்.

இருபத்தோராம் நாள் மிஷினைத் திறந்தபோது காது அடைத்தது, அத்தனை கீச்சொலி. ஐந்நூற்று முப்பத்தெட்டு குஞ்சுகள். முதலாளி ஒன்றைத் தூக்கி அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் அழுதாள், மறைக்கவில்லை.

சில வாரம் கழித்து, சிறகு முளைத்த குஞ்சுகளை முதன்முறையாக வெளியே விட்டார்கள். பரந்த முற்றம் முழுக்க இறுகிய தரை. ஒரே இடத்தில் மட்டும் மண் இளகியிருந்தது, கொட்டகைக்குப் பின்னால், குழியை மூடிய இடத்தில். அத்தனையும் நேரே அங்கேதான் ஓடிப்போய்க் கிளறத் தொடங்கின.