புள்ளி துள்ளும் முன்னே

பேய், காத்துக்கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் நாற்காலியை விட்டு எழுந்து போகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். இதைக் கேட்டுவிட்டு நீங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டால் அதற்கும் சிரிப்பேன், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷம் பெங்களூரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். எலி மூளையிலிருந்து ஒரு நொதியைப் பிரித்து, ஒளிரும் சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, பெரிய மைக்ரோஸ்கோப்பில் ஒற்றை மூலக்கூறாகப் பார்ப்பது வேலை. திரையில் ஒரு வெளிச்சப் புள்ளி, அவ்வளவுதான். சும்மா கிடக்கும், திடீரென்று துள்ளும். அடுத்த துள்ளல் எப்போது என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது, முழுக்கத் தற்செயல்.

அப்போதுதான் காஞ்சிபுரத்தில் பஸ் டிரைவராக இருந்த நைனா பக்கவாதத்தில் விழுந்தார். பேச்சு போய்விட்டது, இடது கைச் சுட்டுவிரல் மட்டும் எப்போதாவது அசையும். லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன். அம்மா நாள் முழுக்க அவரிடம் பேசுவாள். அத்தை முசரவாக்கத்திலிருந்து வாரம் தவறாமல் மந்திரித்த கயிறோடு வருவாள், அவர் மணிக்கட்டில் இன்னொரு கயிறு கட்ட இடமே இல்லை.

"உங்க நைனாவுக்கு நாம பேசறது புரியுதாபா? மூளையப் பத்திதான படிக்கிற, நீயே சொல்லு," என்று அம்மா கேட்டாள். அவளுக்கு வேண்டியது அந்த ஒரு பதில்தான்.

"செவுத்துகிட்ட பேசிக்கினு இருக்கிறம்மா நீ," என்றேன்.

அன்று மதியம் கட்டிலருகே லேப்டாப்பைத் திறந்து, மைக்ரோஸ்கோப்பில் பிடித்து வைத்து, நான்கூட அதுவரை பார்த்திராத ஒரு பதிவை ஓட்டினேன். அத்தை எட்டிப் பார்த்து, "மின்மினிப் பூச்சியா கண்ணு?" என்றாள். அதற்கெல்லாம் பதில் சொல்வது வீண்.

அம்மாதான் முதலில் கவனித்தாள். நைனாவின் கண் திரையில் இருந்தது. விரல் எழும்பியது, புள்ளி துள்ளியது. மறுபடி எழும்பியது, துள்ளியது. நம்பினால் நம்புங்கள், விரல்தான் முதலில். புள்ளி வெகுநேரம் சும்மா கிடந்தபோது விரலும் கிடந்தது. வேறு பதிவை மாற்றினேன், அதிலும் அப்படியே. வெறும் நடுக்கம் என்பீர்கள். நடுக்கம் என்றால் என்னவென்று எனக்கே சொல்லித் தருகிறீர்களா?

"கயிறு வேலை செய்யுது பாத்தியா," என்று அத்தை ஆரம்பித்தாள். எரிச்சலில் லேப்டாப்பைப் பட்டென்று மூடினேன்.

விரல் நிற்கவில்லை. எழும்பியது, இறங்கியது, மறுபடி எழும்பியது.

"இப்ப உன்னத்தான் பாத்துக்கினு இருக்குறாரு," என்றாள் அம்மா மெல்ல. ஆமாம், அவர் பார்வை என் நெற்றியில் நிலைத்திருந்தது.

போதும், நிறுத்து நைனா என்று சொல்லத்தான் நினைத்தேன். வாய் திறக்கவில்லை. நினைத்து முடிக்கும் முன்பே விரல் நின்றுவிட்டது.

"புரியுதாபா அவருக்கு?" என்று அம்மா மறுபடி கேட்டாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அதன்பிறகு அந்த விரல் அசையவேயில்லை. மழைக்காலத்தில் நைனா போய்விட்டார். அத்தைக்குக் கயிறுதான் விளக்கம், கூட வேலை பார்த்தவர்களுக்குத் தற்செயல், இரண்டுமே குப்பை. என்னை உறுத்துவது வேறு. அதற்கு முன்பு எத்தனையோ நாள் அவர் கட்டிலருகே வாயே திறக்காமல் உட்கார்ந்து, இது எப்போது முடியும், எப்போது முடியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.